இலக்கமுறை எதிர்ப்படமும் இருட்டறை அச்சும்

ஒரு கலைக்குரிய கருவி மாறுமிடத்து அக்கலையின் இயல்பும் உடன்மாறிவிடுமோ என்னும் ஐயம் புதிதன்று. எழுத்தாணியின் இடத்தை அச்செழுத்துக் கவர்ந்துகொண்ட காலத்தும் அஃது எழுந்தது. ஒளிப்படக் கலையிலோ இத்தகைய மாற்றம் ஒரு தலைமுறைக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது. பிலிமிலே பதிந்த உருவை இருட்டறையிலே தாளில் வருவிக்குந் தொழில், 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலே பெரும்பாலுங் கைவிடப்பட்டது. கருப்பு வெள்ளை அச்சுத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாகக் கொடாக் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில் நொடித்துப்போன இங்கிலாந்தின் இல்போட் நிறுவனத்தை, அதன் மேலாளர் சிலர் 2005இல் தாமே வாங்கி நடத்த முன்வந்திராவிடின், வெள்ளியுப்புப் பூசிய தாள் கிடைப்பதே அரிதாகியிருக்கும்.

ஆயினும் பழையது முற்றாகக் கழிந்து புதியது அவ்விடத்தில் வந்தமர்ந்தது என்று சொல்லிவிடல் பொருந்தாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வழியொன்றும் அதே காலத்தில் உருவாயிற்று. கமரா எண்களாகப் பதிந்த உருவைக் கணினியிலே செம்மை செய்து, ஊடுகாட்டுந் தாளொன்றில் எதிர்ப்படமாக அச்சிட்டு, அவ்வெதிர்ப்படத்தினூடாகப் பழைய முறைப்படி வெள்ளித்தாளுக்கு ஒளி காட்டுவதே அவ்வழி. இஃது எவ்வாறு இயலுகின்றது, இதனால் விளையும் பயன் யாது, இதன்மேற் கூறப்படுங் குறை யாது என்பன ஆராயத்தக்கன.

எதிரும் நேரும்

வெள்ளியின் உப்புக்கள் சில ஒளி பட்டாற் கறுக்கும் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட செய்தி. ஒளி மிகுதியாகப் படுமிடம் மிகுதியாகக் கறுக்குமாதலின், இவ்வாறு பெறப்படும் உருவில் வெண்மேகம் கருமேகமாகவும், நிழல் வெளிச்சமாகவும் தோன்றும். இதனையே எதிர்ப்படம் என்கிறோம். பேச்சு வழக்கில் நெகற்றிவ் எனப்படுவதும் இதுவே. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் தால்பொற் என்பார் 1835ஆம் ஆண்டில் தம் இல்லமாகிய லாக்கொக் மடத்தின் சாளரமொன்றை இவ்வாறு தாளிலே பதித்தார். அச்சிறு தாள் இன்றும் பேணப்பட்டு வருகின்றது. எதிர்ப்படத்தை மற்றொரு வெள்ளித்தாளின்மேல் வைத்து மீளவும் ஒளி காட்டினால், எதிருக்கு எதிர் நேராகிவிடும். இந்த எளிய உண்மையே ஒளிப்படக் கலையின் அடித்தளம். டகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1839இல் வெளிப்படுத்திய செப்புத்தகட்டுப் படம் அழகிற் சிறந்ததாயினும், ஒன்றிலிருந்து பல படிகளை எடுத்தற்கு உதவாமையின் வழக்கொழிந்தது. தால்பொற்றின் முறையோ பலபடி எடுத்தற்கு இடமளித்தமையின் நிலைபெற்றது.

எதிர், நேர் என்னும் பெயர்களைத் தந்தவர் வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். ஒளிபடாது எஞ்சிய வெள்ளியுப்பைக் கரைத்தகற்றிப் படத்தை நிலைநிறுத்துஞ் சோடியந் தயோசல்பேற்றின் தன்மையை 1819இலேயே கண்டவரும், இரும்புப்புக்களாலாகிய நீல அச்சு முறையை 1842இல் வகுத்தவரும் அவரே.

தால்பொற்றின் காலத்தில் எதிர்ப்படமும் அச்சும் ஒரே அளவின. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தழுத்தி ஒளி காட்டுவதாலே, இதனைத் தொடுகையச்சு என்பர். பின்னர் உணர்திறன் மிக்க தாள்கள் வந்தமையால், சிறிய எதிர்ப்படத்தை வில்லையினூடாகப் பெருப்பித்து அச்சிடல் இயல்வதாயிற்று. ஆனால் உப்புத்தாள், நீல அச்சு, பிளாற்றின அச்சு முதலிய முறைகள் ஊதாக்கடந்த ஒளியைப் பெருமளவில் வேண்டுவன. பெருப்பிக்குங் கருவியின் மெல்லொளி அவற்றுக்குப் போதாது. ஆதலின் இம்முறைகளிற் பெரிய அச்சு வேண்டுவோர் பெரிய கமராவைச் சுமந்து செல்லல் வேண்டும். அன்றேல் சிறிய எதிர்ப்படத்திலிருந்து நேர்ப்படமும், அந்நேர்ப்படத்திலிருந்து பெரிய எதிர்ப்படமும் என இருமுறை படியெடுத்தல் வேண்டும். ஒவ்வொரு படியெடுப்பிலும் நிழலின் நுட்பமும் ஒளியின் நுட்பமும் சிறிது சிறிதாக இழக்கப்பட்டன.

எண்ணாகிய உரு

கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சசோன் 1975இல் ஆக்கிய முதல் இலக்கமுறைக் கமரா, ஓர் உருவை 100 நிரைகளும் 100 நிரல்களுங் கொண்ட 10,000 புள்ளிகளாகப் பகுத்தது. அவ்வுருவை நாடாவிற் பதிதற்கு 23 செக்கன்கள் வேண்டியிருந்தன. இன்றைய கமராக்கள் பல கோடி புள்ளிகளை இமைப்பொழுதிற் பதிகின்றன. தொகை எவ்வளவாயினும் தத்துவம் ஒன்றே. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்ணொன்று உண்டு. உரு என்பது அவ்வெண்களின் கோவையேயன்றி வேறன்று. எண்ணை மாற்றினால் உரு மாறும். 0 முதல் 255 வரையுள்ள எண்களால் வெளிச்சம் குறிக்கப்படுமாயின், ஒவ்வோர் எண்ணையும் 255இலிருந்து கழித்தவுடன் நேர்ப்படம் எதிர்ப்படமாகிவிடுகின்றது. முன்னர் ஓர் இரவு முழுதும் இருட்டறையில் உழைத்துப் பெற்ற பெரிய எதிர்ப்படத்தை, இவ்வாறு கணக்கினாலே பெறலாம் என்பதை உணர்ந்தோர் சிலர் 1990ஆம் ஆண்டுகளில் அதனை முயன்றனர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டான் பேர்க்கோல்டர், தொடுகையச்சுக்கான இலக்கமுறை எதிர்ப்படங்களை ஆக்கும் வகையை விளக்கி 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் இம்முறை பலர் கைக்கும் எட்டுவதாயிற்று.

அளவின் இன்றியமையாமை

எதிராக மாற்றி அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர் முதல் முயற்சியிலேயே ஏமாற்றம் அடைவர். நிழலெல்லாம் ஒரே கருந்திரளாகவும், வெண்மையெல்லாம் வெறுந்தாளாகவும் தோன்றுதல் இயல்பு. ஏன் அவ்வாறாகின்றது?

எதிர்ப்படத்தின் ஓரிடம் ஒளியை எவ்வளவு தடுக்கின்றது என்பதை ஒளியடர்த்தி என்பர். பட்ட ஒளியில் பத்திலொரு பங்கு ஊடுசெல்லின் அடர்த்தி 1. நூறிலொரு பங்கு செல்லின் 2. பாதி செல்லின் ஏறக்குறைய 0.3. பட்ட ஒளிக்கும் ஊடுசென்ற ஒளிக்குமுள்ள விகிதத்தின் மடக்கையே இவ்வளவு. ஒவ்வொரு தாளும் தனக்கேற்ற அடர்த்தி வீச்சொன்றை எதிர்ப்படத்தில் எதிர்பார்க்கின்றது. நடுத்தரமான வெள்ளிச் செலற்றின் தாளுக்கு இவ்வீச்சு அண்ணளவாக 1 போதும். உப்புத்தாளுக்கோ 2ஐ அணுகும் வீச்சு வேண்டும். மேலும், ஒளி இருமடங்கானால் கருமையும் இருமடங்காகும் என்பதில்லை. முதலில் மெல்லக் கறுத்து, நடுவில் விரைந்து கறுத்து, முடிவில் மீண்டும் மெல்லக் கறுப்பதே தாளின் இயல்பு. இவ்வொழுங்கை வளையியாக வரைந்து காட்டியோர் ஹேட்டர், டிறிபீல்ட் என்னும் இருவர். அவர்தம் ஆய்வு 1890இல் வெளிவந்தது. கணினியும் அச்சுப்பொறியும் கண்ணுக்கு இனிதாகத் தோன்றுமாறு எண்களை ஒழுங்குசெய்வன. வெள்ளித்தாளின் வளையியை அவை அறியா. அறியாததை அறிவித்தலே இத்தொழிலின் உயிர்நாடி.

அறிவிக்கும் முறை வருமாறு. முதலில், அச்சிடப்படாத ஊடுகாட்டுந் தாளை வெள்ளித்தாளின்மேல் வைத்து, பல்வேறு நேர அளவுகளுக்கு ஒளி காட்டி உருத்துலக்குதல் வேண்டும். தாள் தன்னால் இயன்ற முழுக்கருமையை எய்துதற்கு வேண்டிய மிகக் குறைந்த நேரமே அடிநேரம். இனி வரும் வேலை அனைத்திலும் இந்நேரம் மாற்றப்படுவதில்லை. இரண்டாவதாக, வெண்மையிலிருந்து கருமை வரை 5 வீதப் படிகளாக ஏறிச்செல்லும் 21 கட்டங்களைக் கொண்ட பட்டையொன்று எதிர்ப்படமாக அச்சிடப்பட்டு, அதே அடிநேரத்திலே வெள்ளித்தாளுக்கு மாற்றப்படுகின்றது. நனைந்த தாள் உலர்ந்ததும் சிறிது கருமை கூடுமாதலின், உலர்ந்த பின்னரே கட்டங்களை அளத்தல் வேண்டும். அடர்த்திமானி இல்லாதார் வருடும் பொறியைக் கொண்டும் அளக்கலாம்.

மூன்றாவது படியே நுட்பமானது. 50 வீதக் கருமை வேண்டிய கட்டம் தாளிலே 70 வீதமாகக் கறுத்துவிட்டது எனவும், உண்மையில் 50 வீதக் கருமையைத் தந்தது 35 வீதக் கட்டமே எனவும் கொள்க. அங்ஙனமாயின் 50 வீதம் வேண்டுமிடமெல்லாம் 35 வீதத்தை அச்சிடுமாறு கணினி பணிக்கப்படுகின்றது. இருபத்தொரு கட்டங்களுக்கும் இவ்வாறு செய்து, அவற்றை இணைக்கத் தோன்றுவதே திருத்த வளையி. இவ்வளையி ஒரு தாளுக்கும், ஓர் உருத்துலக்கிக்கும், ஒரு மைக்கும், ஓர் ஒளிவிளக்குக்கும் மாத்திரம் உரியது. அவற்றுள் ஒன்று மாறினும் முழுவதையும் மீள அளத்தல் வேண்டும். பிறர் அளந்த வளையியை இரவல் வாங்கிப் பயன்கொள்ள முயல்வார் பெரும்பாலும் தாளையும் காலத்தையும் வீணாக்குவர்.

திருத்தம் மிகுமிடத்து வேறோர் இடர் நேரும். 256 படிகளே உள்ள எண்கோவையை வளையியால் வலிந்து இழுத்தால், மென்மையாக மறையவேண்டிய வானத்திலே படிக்கட்டுப் போன்ற கோடுகள் தோன்றும். இதனைத் தவிர்த்தற்பொருட்டே 65,536 படிகளைக் கொண்ட எண்கோவையிற் செம்மை செய்தல் விதியாயிற்று. புள்ளிகளின் தொகையும் கருதத்தக்கது. ஓர் அங்குலத்துக்கு 360 புள்ளிகள் இருப்பின், கைக்கெட்டுந் தூரத்திலே கண் அவற்றைப் பிரித்துணராது. 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமுங் கொண்ட எதிர்ப்படத்துக்கு இக்கணக்கில் 10,368,000 புள்ளிகள் வேண்டும். இன்று எளிதிற் கிடைக்குங் கமராக்கள் இதற்கு மேலேயே தருகின்றன.

இருட்டறையில்

எதிர்ப்படம் ஆயத்தமானபின் நிகழ்வன யாவும் பழைய ஒழுங்கின்படியே. மை நன்றாக உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமிருப்பின் வெள்ளிப்பூச்சில் ஒட்டிக்கொண்டு இரண்டையுங் கெடுக்கும். மை படிந்த பக்கம் பூச்சைத் தொட்டுக் கிடத்தல் வேண்டும்; இடையிலே ஊடுகாட்டுந் தாளின் தடிப்பு வருமாயின் ஒளி சிதறி உருவின் கூர்மை குன்றும். அங்ஙனந் தொடுமிடத்து இடம் வலமாக மாறுமாதலின், எதிர்ப்படத்தை முன்னரே கண்ணாடி உருவாகத் திருப்பி அச்சிடல் மறக்கலாகாதது.

செவ்வொளியிலே தாளும் எதிர்ப்படமும் கண்ணாடியின்கீழ் அழுத்தப்பட்டு, பெருப்பிக்குங் கருவியின் விளக்கினால் ஒளி காட்டப்படுகின்றன. அவ்வேளை தாளிலே கண்ணுக்கு யாதுந் தோன்றாது, மறையுருவே உளதாகும். தாளை உருத்துலக்கும் கரைசலில் அமிழ்த்தியவுடன், ஒளிபட்ட துணிக்கைகளை மெற்றோலும் ஐதரோக்குயினோனும் உலோக வெள்ளியாக மாற்ற, வெறுந்தாளிலே உரு மெல்ல எழுகின்றது. அசற்றிக்கமிலக் கரைசல் அம்மாற்றத்தை நிறுத்துகின்றது. தயோசல்பேற்றுக் கரைசல் எஞ்சிய உப்பை அகற்றுகின்றது. இறுதியில் ஓடுநீரில் நெடுநேரங் கழுவுதல் வேண்டும். இக்கழுவுதலிற் காட்டும் பொறுமையின் அளவே படத்தின் ஆயுளின் அளவு.

இம்முறைக்கென்றே உரிய குறைகளும் உள. மைத்துளிகளால் ஆகிய எதிர்ப்படத்தை உற்று நோக்கின் துளிகள் புலப்படும். நாருள்ள ஓவியத்தாளிற் பூசிச் செய்யப்படும் நீல அச்சு, பிளாற்றின அச்சு ஆகியவற்றில் உரு தாளின் இழைகளுள் ஊறிக் கிடத்தலால் அத்துளிகள் மறைந்துவிடும். பளபளப்பான செலற்றின் தாளோ எதனையும் மறைப்பதில்லை. வெளிர்நிற வானத்திலே துளிகள் மணல் தூவியதுபோல் தோன்றக்கூடும். மேலும், கண்ணுக்குக் கருமையாகத் தோன்றும் மை நீல ஒளியையும் ஊதாக்கடந்த ஒளியையும் அதே அளவில் தடுக்கும் என்பதில்லை. ஒளியின் நிறத்துக்கேற்ப வேறுபாடு காட்டும் பலதரத் தாள்களில், மையின் நிறமே படத்தின் வன்மையையும் மென்மையையும் மாற்றிவிடும். இவ்விடர்களை விலக்க விரும்புவோர் மையை விட்டு, ஒளியினாலேயே உண்மைப் பிலிமில் எழுதும் பொறியை நாடுவர். அவ்வாறு பெறப்படும் எதிர்ப்படம் வழமையான பிலிமை ஒத்ததாகலின், அதனைப் பெருப்பித்தும் அச்சிடலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிரேசில் நாட்டிற் பிறந்து பாரிஸ் நகரில் வாழ்ந்து 2025இல் மறைந்த செபஸ்தியாவோ சல்காடோவின் பணி. உலகின் மாசுபடா நிலங்களையும் மாந்தரையும் காட்டும் 'ஜெனெசிஸ்' என்னும் படத்தொகுதியை அவர் 2004இல் பிலிமிலேயே தொடங்கினார். 2001இன் பின் விமான நிலையங்களிற் சோதனைகள் கடுமையாகி, எக்ஸ் கதிர்ப் பொறியினூடாகப் பலமுறை சென்ற பிலிம் நுட்பங் கெட்டமையின், 2008இல் இலக்கமுறைக் கமராவுக்கு மாறினார். ஆயினும் தொகுதியின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒரே தோற்றமுடையனவாய் இருத்தல் வேண்டும் அல்லவா? எனவே எண்கோவைகளிலிருந்து 4 அங்குலம், 5 அங்குல அளவுள்ள பிலிம் எதிர்ப்படங்கள் ஆக்கப்பட்டன; அவற்றிலிருந்து இருட்டறையில் வெள்ளித்தாள் அச்சுக்கள் எடுக்கப்பட்டன. 2013இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் அத்தொகுதி காட்சிக்கு வந்தது. கருவி இடைவழியில் மாறியும் கலைஞனின் நோக்கு மாறவில்லை.

போலியா, உண்மையா?

கணினியிற் செம்மை செய்த உருவை வெள்ளித்தாளில் ஏற்றுதல், பழமைக் கோலம் பூண்ட போலி என்பார் உளர். இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பழைய இருட்டறையில் அச்சிடுவோன் ஒவ்வோர் அச்சிலும் ஓரிடத்தைக் கையால் மறைத்து வெளிறச் செய்தும், மற்றோரிடத்துக்கு மிகுதியாக ஒளி காட்டிக் கறுக்கச் செய்தும் உழைத்தான். ஆதலின் அவன் செய்த இரு அச்சுக்கள் முற்றாக ஒத்திருப்பதில்லை. எதிர்ப்படம் இசைக்குறிப்பு எனவும் அச்சு அதன் இசைப்பு எனவும் உவமித்தார், பியானோ பயின்று பின் ஒளிப்படத்துக்கு வந்த அன்சல் அடம்ஸ். இலக்கமுறை எதிர்ப்படத்திலோ மறைத்தலும் கறுப்பித்தலும் ஒருமுறை கணினியிலே செய்யப்பட்டு முடிந்துவிடுகின்றன. இசைப்பு முழுவதும் குறிப்பிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது. இது மெய்யான இழப்பே.

எனினும் கைசெய்தலால் உண்மை குன்றும் என்று கொண்டால், அக்குற்றம் கணினிக்கு மாத்திரம் உரியதன்று. கடலையும் வானையும் ஒரே எதிர்ப்படத்திற் செவ்வையாகப் பதிய இயலாமையின், 1850ஆம் ஆண்டுகளில் குஸ்தாவ் லெ கிறே என்பார் இரண்டுக்கும் வெவ்வேறு எதிர்ப்படங்களைப் பயன்படுத்தி ஒரே அச்சாக்கினார். 1857இல் ஒஸ்கார் றெய்லாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே படத்தை அமைத்தார். படத்தின் உண்மை கருவியைப் பற்றியதன்று. காட்டப்பட்டது நிகழ்ந்ததா என்பதில் கலைஞன் காக்கும் நேர்மையைப் பற்றியது. இருட்டறையிலும் பொய் கூறலாம். கணினியிலும் மெய் கூறலாம்.

நிலைபேறு

இம்முறையின் தலையாய பயன் அழகன்று, நிலைபேறே. எண்கோவைக்கு உடம்பில்லை. அதனைத் தாங்கும் தட்டுப் பழுதடையும். படிக்கும் பொறி வழக்கொழியும். ஏட்டுச்சுவடியைக் காலத்துக்குக் காலம் படியெடுத்துக் காவாவிடின் செல்லுக்கு இரையாவதுபோல, எண்கோவையும் இடையறாது படியெடுக்கப்படாவிடிற் கெட்டொழியும். ஏடாவது சிதைவதைக் கண் காணும். எண்கோவையின் அழிவையோ திறந்து பார்க்கும் நாள்வரை எவரும் அறியார். செவ்வையாகக் கழுவப்பட்ட வெள்ளி அச்சோ பெட்டியொன்றில் நூறாண்டு கிடந்தபின்னும் எப்பொறியின் உதவியுமின்றிக் கண்ணுக்கு நேரே பேசும்.

இலங்கையின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவரான லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவர் மறைவின்பின் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. அவர் தம் கையால் வருவித்த அச்சுக்கள் எஞ்சியமையினாலேயே அவருடைய கலை இன்று அறியப்படுகின்றது. எதிர்ப்படம் அழிந்தும் அச்சு வாழ்ந்தது என்பது இதனாற் பெறப்படும் படிப்பினை. எதிர்ப்படம் இழந்த குடும்பப் படமொன்று எந்த இல்லத்திலும் இருத்தல் கூடும். அதனை வருடி எண்ணாக்கி, கறையையுங் கீறலையும் நீக்கி, புதிய எதிர்ப்படமாக்கி, மீண்டும் வெள்ளியில் அச்சிடுதல் இன்று இயல்வது. அது முதலச்சுக்கு ஈடாகாது. முதலச்சிலே இல்லாத நுட்பத்தை எக்கணக்கும் புதிதாகத் தாராது. ஆயினும் ஒன்றாய் நின்று அழிவை நோக்கியிருந்தது பலவாய்ப் பெருகி வாழ இஃது உதவும்.

ஆகவே இலக்கமுறை எதிர்ப்படம் பழமையின் பகையுமன்று, புதுமையின் வேடமுமன்று. திருத்துதற்கு எளிதாகிய எண்ணையும் நிலைத்தற்கு உரியதாகிய வெள்ளியையும் இணைக்கும் பாலம் அது. அப்பாலத்தைத் தாங்குந் தூண் அளவு ஒன்றே. தாளின் இயல்பைப் பொறுமையுடன் அளந்தறியாதார்க்குப் பழைய இருட்டறையுங் கைகொடாது. புதிய கணினியுங் கைகொடாது.